வண்டிக்கு எது சொந்த ஊர்?

மனிதர் ஊர் மாறினால் அவர் பெயர் மாறுவதில்லை. அவருடைய வண்டிக்கு அந்தச் சலுகை கிடையாது. சென்னையில் வாங்கிய ஸ்கூட்டரைப் புனேக்குக் கொண்டுசென்று அங்கேயே ஓராண்டுக்கு மேல் வைத்திருந்தால், அது தமிழ்நாட்டு எண்ணைத் துறந்து மகாராஷ்டிர எண்ணைப் பெற்றாக வேண்டும். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 47-ஆம் பிரிவில் இப்படி விதிக்கிறது. அதற்கு முந்தைய 46-ஆம் பிரிவோ, ஏதேனும் ஒரு மாநிலத்தில் பதிவான வண்டிக்கு அந்தப் பதிவு இந்தியா முழுவதும் செல்லும் என்கிறது. அடுத்தடுத்து நிற்கும் இரண்டு பிரிவுகள். முதலாவது இந்தியாவை ஒரே நிலப்பரப்பாகக் காண்கிறது. இரண்டாவது அதன் உள் எல்லைகளை நமக்கு நினைவூட்டுகிறது.

அடையாளம் காண்பதற்காகத்தான் இந்த மறுபதிவு என்று முதற்பார்வையில் தோன்றும். ஆனால் ஒவ்வொரு வண்டிக்கும் தொழிற்சாலையிலேயே சேசிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் பொறிக்கப்பட்டுவிடுகின்றன. பதிவுச் சான்றிலும் காப்பீட்டுப் பத்திரத்திலும் அவை இடம்பெறுகின்றன. வண்டி எந்த மாநிலத்துக்குப் போனாலும் அவை மாறுவதில்லை. மறுபதிவுக்கு விண்ணப்பிப்பவர்கூட, சேசிஸ் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தெடுத்த பிரதியைத்தான் 'இது அதே வண்டிதான்' என்பதற்குச் சான்றாகக் கொடுக்கிறார். அடையாளத்தை நிலைநாட்ட அந்த எண் இருக்கும்போது, தகட்டிலுள்ள எண் ஏன் மாற வேண்டும்?

இதற்கான விடை போக்குவரத்தின் வரலாற்றைவிட வரியின் வரலாற்றில்தான் அதிகம் கிடைக்கிறது. நம் கூட்டாட்சி அமைப்பு வண்டியை அடையாளம் காணும் விதிகளை மத்தியச் சட்டத்திடமும், வண்டியிலிருந்து வருவாய் ஈட்டும் உரிமையை மாநிலத்திடமும் ஒப்படைத்தது. இரண்டும் சந்திக்கும் தையலில், கையில் ஒரு கோப்புடன் வரிசையில் நிற்பவர்தான் ஊர் மாறியவர்.

*

வழியில் போகிற பொருளை நிறுத்தி, முத்திரையிட்டு, வரி வாங்குவது நமக்குப் புதிதல்ல. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் ஏற்றுமதி இறக்குமதிப் பொருள்கள் மேல் சோழரின் புலிச் சின்னம் பொறிக்கப்பட்டதைப் பட்டினப்பாலை காட்டுகிறது. மிளகுப் பொதி சுமந்த கழுதைகளோடு வணிகர் சென்ற, சுங்கம் கொள்ளும் பெருவழிகளை வில்லேந்திய காவலர் காத்ததைப் பெரும்பாணாற்றுப்படை பேசுகிறது. 'உல்கு' என்பது அந்த வரியின் பழம்பெயர். பதினோராம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அரியணை ஏறிய முதலாம் குலோத்துங்கனை மக்கள் நினைவில் நிறுத்திய பட்டம் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்பது. ஓர் அரசனின் போர் வெற்றிகளுக்கு நிகராக அவன் விட்டுக்கொடுத்த வரியும் போற்றப்பட்டது என்றால், வழிவரி மக்களை எவ்வளவு உறுத்தியிருக்க வேண்டும் என்று ஊகிக்கலாம்.

மோட்டார் வண்டியின் எண் தகடு பிறந்தது வேறொரு கவலையில். 1893-இல் பாரிஸ் நகரக் காவல் துறை, வண்டியில் உரிமையாளரின் பெயரும் முகவரியும் எண்ணும் தெரிய வேண்டும் என்று ஆணையிட்டது. குதிரை இல்லாமல் ஓடுகிற இந்தப் புதிய இயந்திரம் ஒருவரை இடித்துத் தள்ளிவிட்டு மறைந்துவிடும் என்பதுதான் அன்றைய அச்சம். பிரிட்டனில் 1903-ஆம் ஆண்டின் மோட்டார் கார் சட்டம் 1904 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்து, வண்டிகளைப் பதியும் பொறுப்பை மாவட்ட மன்றங்களிடம் கொடுத்தது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலம் 1901-இல் உரிமையாளரின் பெயரெழுத்துகளை வண்டியில் பொறிக்கச் சொன்னது. 1903-இல் மாசசூசெட்ஸ் அரசே தகடுகளை வழங்கத் தொடங்கியது.

அடையாளத்துக்காகத் தொடங்கிய எண், மிக விரைவிலேயே வருவாய்க்கான கருவியாயிற்று. அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே பதிவு கேட்டதால், எல்லையோரங்களில் வாழ்ந்தவர்கள் ஒரே காரில் இரண்டு மூன்று மாநிலங்களின் தகடுகளை மாட்டிக்கொண்டு திரிந்த காலம் ஒன்று இருந்தது. 1910-இல் வாஷிங்டன் நகரத்துக்காரர் ஒருவர் பக்கத்து மேரிலாந்து மாநிலத்துக்குள் தன் காரை ஓட்டிச் சென்றார். மேரிலாந்தின் பதிவு அந்தக் காருக்கு இல்லை. பதினைந்து டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அவர் விடவில்லை, வழக்கு அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 'ஹென்ட்ரிக் எதிர் மேரிலாந்து' என்ற அவ்வழக்கில் 1915-இல் தீர்ப்பு வந்தது. மோட்டார் வண்டிகள் பொதுமக்களுக்கு ஆபத்தானவை, சாலையையும் தேய்ப்பவை. எனவே வெளியூர் வண்டியையும் பதியச் சொல்லவும் கட்டணம் கேட்கவும் மாநிலத்துக்கு உரிமை உண்டு என்றது நீதிமன்றம்.

சாலையைப் போட்டவன் கூலி கேட்கலாம் என்ற இந்த எளிய வாதம்தான் அடுத்த நூறாண்டுகளுக்கு எல்லாக் கூட்டாட்சி நாடுகளிலும் திரும்பத் திரும்ப ஒலித்தது. அது நியாயமான வாதமும்கூட. எவ்வளவு கூலி, எத்தனை முறை என்பதில்தான் தகராறு.

*

இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் வங்காளம், பம்பாய், சென்னை போன்ற மாகாணங்கள் மோட்டார் வண்டிகளுக்கெனத் தனித்தனிச் சட்டங்கள் இயற்றிக்கொண்டன. அவற்றை ஒன்றுபடுத்த 1914-இல் இந்திய மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. ஆனால் பிரிட்டிஷ் இந்தியாவுக்கு வெளியே மைசூர், ஐதராபாத், திருவிதாங்கூர் என்று சமஸ்தானங்கள் தம் சட்டத்தையும் தம் வரியையும் வைத்துக்கொண்டிருந்தன. ஓசூரிலிருந்து பெங்களூருக்குப் போகும் வண்டி அன்று கடந்தது இரண்டு ஆட்சிகளுக்கு இடையிலான எல்லையை.

சென்னை மாகாணத்தில் 1931-இல் நடந்த ஒரு மாற்றம் இந்தக் கதையில் முக்கியமானது. அதுவரை உள்ளாட்சி மன்றங்கள் சாலைகளில் சாவடி வைத்துச் சுங்கம் வாங்கிவந்தன. ஒவ்வொரு சாவடியிலும் நின்று நின்று போக வேண்டிய நிலை. 1931-ஆம் ஆண்டின் சென்னை மோட்டார் வாகன வரிச் சட்டம் அந்தச் சுங்கங்களை நீக்கி, அதற்கு ஈடாக வண்டியின் மீது மாகாண வரி ஒன்றை விதித்தது; வருவாய் இழந்த உள்ளாட்சி மன்றங்களுக்கு இழப்பீடும் தந்தது. குலோத்துங்கனின் பட்டத்தை யாரும் அந்த அரசுக்குச் சூட்டவில்லை என்றாலும், அது செய்ததும் சுங்கம் தவிர்த்த வேலைதான். ஆனால் சுங்கம் மறையவில்லை, இடம் மாறியது. வழியில் வாங்கிய வரி வண்டி நிற்கும் வீட்டில் வாங்கப்பட்டது. போகிற பாதையைப் பொறுத்திருந்த வரி, உரிமையாளர் வசிக்கும் மாகாணத்தைப் பொறுத்ததாயிற்று. வண்டிக்குச் 'சொந்த ஊர்' என்று ஒன்று ஏற்பட்டது இப்படித்தான்.

1939-இல் புதிய மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. பதிவு நாடெங்கும் செல்லும் என்ற விதியும், வேறிடத்தில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் புதிய எண் பெற வேண்டும் என்ற விதியும் அச்சட்டத்தில் 28, 29-ஆம் பிரிவுகளாக அமைந்தன. அவையே அரை நூற்றாண்டுக்குப் பின் 1988-ஆம் ஆண்டின் சட்டத்தில் 46, 47 என்ற எண்களோடு மறுபிறவி எடுத்தன. 1939-இல் சொந்தமாக மோட்டார் வண்டி வைத்திருந்தவர்கள் அதிகாரிகள், ஜமீன்தார்கள், பெருவணிகர்கள், பேருந்து முதலாளிகள் என்று விரல்விட்டு எண்ணத்தக்க கூட்டம். அவர்களில் மாகாணம் விட்டு மாகாணம் குடிபெயர்ந்தவர்கள் இன்னும் சிலர். அந்தச் சிலரை மனத்தில் வைத்து எழுதிய விதியின் கீழ்தான், தவணையில் மோட்டார் சைக்கிள் வாங்கி வேலைக்காக ஊர் விட்டு ஊர் போகும் கோடிக்கணக்கானோரின் நாட்டை இன்று நாம் நடத்திக்கொண்டிருக்கிறோம்.

*

1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, தையலைச் சட்டமாகவே ஆக்கியது. ஏழாம் அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 57-ஆம் இனம், சாலையில் ஓடும் வண்டிகள் மீதான வரியை மாநிலங்களுக்கு அளிக்கிறது. பொதுப்பட்டியலின் 35-ஆம் இனம், இயந்திர வண்டிகளையும் அவற்றின் மீதான வரி எந்தக் கொள்கைகளின்படி அமைய வேண்டும் என்பதையும் இரு தரப்புக்கும் பொதுவாக வைக்கிறது. மறுபுறம் 301-ஆவது உறுப்பு, இந்திய எல்லைக்குள் வணிகமும் போக்குவரத்தும் தடையற்றவை என்று அறிவிக்கிறது. தடையற்ற பாதையும் வேண்டும், பாதையில் வருவாயும் வேண்டும். இவை மோதாமல் இருக்க முடியாது.

முதல் பெரிய மோதல் ராஜஸ்தானில் நிகழ்ந்தது. அஜ்மீர் அன்று தனி மாநிலம். ராஜஸ்தானால் சூழப்பட்ட தீவு போன்றது. அங்கே பேருந்து நடத்திய நிறுவனங்களின் தடம் ஒன்று பெரும்பாலும் அஜ்மீருக்குள்ளேயே ஓடினாலும், இடையிடையே ராஜஸ்தானின் மெல்லிய நிலத்துண்டுகளைக் கடந்தது. அஜ்மீரிலிருந்து கிஷன்கர் செல்லும் தடத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு ராஜஸ்தானில் இருந்தது. கிஷன்கர் சமஸ்தானமாக இருந்தபோது, ஒருவர் வண்டிக்கு மற்றவர் வரி கேட்பதில்லை என்று அதற்கும் அஜ்மீருக்கும் உடன்பாடு இருந்தது. சமஸ்தானம் ராஜஸ்தானோடு இணைந்தபின், 1951-ஆம் ஆண்டின் ராஜஸ்தான் வரிச் சட்டத்தின்படி அந்தப் பேருந்துகளிடம் முழு வரியும் கேட்கப்பட்டது. சுதந்திரத்துக்கு முன் இரண்டு ஆட்சிகளுக்கு இடையே தடையின்றி ஓடிய பேருந்து, ஒரே குடியரசுக்குள் வந்தபின் வரிக்காக நிறுத்தப்பட்டது என்பது இதிலுள்ள முரண்.

வழக்கு உச்ச நீதிமன்றத்தை எட்டி 1962-இல் தீர்ப்பு வருவதற்குள், 1956-இல் அஜ்மீரே ராஜஸ்தானின் பகுதியாகிவிட்டது. எல்லை அழிந்தது, எல்லையைப் பற்றிய வழக்கு மிஞ்சியது. ஏழு நீதிபதிகளில் நால்வரின் பெரும்பான்மையில் பேருந்து நிறுவனங்கள் தோற்றன. சாலை வசதிக்கு ஈடாக வாங்கப்படும் 'ஈடுசெய் வரி' வணிகத்துக்குத் தடையாகாது என்ற புதிய கருத்தை அத்தீர்ப்பு உருவாக்கியது. அரை நூற்றாண்டுக்கு மேல் அக்கருத்து நிலைத்தது. 2016 நவம்பரில் ஜிந்தால் ஸ்டெயின்லெஸ் வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, பெரும்பான்மைத் தீர்ப்பில் அதைக் கைவிட்டது. வரி என்பதாலேயே அது தடையாகிவிடாது; வெளிமாநிலப் பொருளையும் உள்மாநிலப் பொருளையும் பாகுபடுத்தும் வரியே 304-ஆவது உறுப்பின்படி தவறு என்றது அது. காரணம் மாறினாலும், மாநிலத்தின் வரி உரிமை இரண்டு தீர்ப்புகளிலும் நிலைத்து நின்றது.

*

இத்தனைக்குப் பிறகும், ஊர் மாறியவரின் துயரம் உண்மையில் பெருகியது வரியின் அளவால் அல்ல, அதை வாங்கும் முறை மாறியதால். முன்பு வாகன வரி காலாண்டுக்கோ ஆண்டுக்கோ ஒருமுறை கட்டப்பட்டது. அந்த முறையில், ஊர் மாறியவர் பழைய மாநிலத்தில் கட்டிய காலம் முடிந்ததும் புதிய மாநிலத்தில் கட்டத் தொடங்கினால் போதும். யாரும் யாருக்கும் பெரிதாகத் திருப்பித்தர வேண்டியதில்லை.

இருபதாம் நூற்றாண்டின் கடைசி இருபது ஆண்டுகளில் மாநிலங்கள் ஒவ்வொன்றாகச் சொந்த வண்டிகளுக்கு ஆயுள்கால வரி முறைக்கு மாறின. வண்டி வாங்கும்போதே மொத்தமாகக் கட்டிவிடலாம். ஆண்டுதோறும் அலைய வேண்டாம். வசூலிப்பவருக்கும் வசதி, கட்டுபவருக்கும் வசதி, அவர் இருந்த இடத்திலேயே இருக்கும்வரை. ஆயுள்கால வரி என்ற சொல்லிலேயே ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: வண்டியின் ஆயுளும் உரிமையாளரின் குடியிருப்பும் ஒரே இடத்தில் கழியும் என்பது அது. சொந்த வண்டியின் பதிவு பதினைந்து ஆண்டுகளுக்குச் செல்லும். அந்தப் பதினைந்து ஆண்டுகளில் மூன்று மாநிலங்களில் பணியாற்றும் வங்கி ஊழியரையோ, ஐந்து முகாம்களுக்கு மாற்றப்படும் இராணுவ வீரரையோ அச்சொல் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அவர் செய்ய வேண்டியவற்றை வரிசைப்படுத்திப் பார்க்கலாம். முதலில் பழைய ஊரின் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் 28-ஆம் எண் படிவத்தில் தடையில்லாச் சான்று கோர வேண்டும். கடன் நிலுவையில் இருந்தால் வங்கியின் இசைவும் தேவை. வண்டியின் மேல் திருட்டு வழக்கு இல்லை என்று காவல் துறை சொல்ல வேண்டும். வரி பாக்கி இல்லை என்று அலுவலகம் சரிபார்க்க வேண்டும். அதன்பின் புதிய ஊரில் 27-ஆம் எண் படிவம், வண்டியை நேரில் காட்டுதல், புதிய மாநிலத்தின் வரி. புதிய எண் கிடைத்தபின், எஞ்சிய ஆண்டுகளுக்குரிய பழைய வரியைத் திரும்பக் கேட்டு மீண்டும் பழைய ஊரின் அலுவலகத்துக்கு விண்ணப்பம்.

தடையில்லாச் சான்றைப் பற்றிய 48-ஆம் பிரிவு விண்ணப்பதாரருக்கு நட்பாகவே எழுதப்பட்டிருக்கிறது. மறுப்பதானால் காரணத்தை எழுத வேண்டும். முப்பது நாளுக்குள் மறுப்பைத் தெரிவிக்காவிட்டால் சான்று வழங்கப்பட்டதாகவே கருதப்படும். ஆனால் கருதப்பட்ட சான்றைக் காகிதமாகக் கையில் எடுத்துப் போய் அடுத்த மாநிலத்தின் அலுவலரிடம் நீட்ட முடியாது. சட்டத்தின் கருணைக்கும் மேசையின் நடைமுறைக்கும் உள்ள தொலைவில்தான் புரோக்கர்கள் பிழைக்கிறார்கள்.

பணத்தின் வரிசையும் கவனிக்கத்தக்கது. புதிய வரியை முதலில் கட்ட வேண்டும். பழையது பிறகு திரும்பி வரும். இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் ஒரே வண்டிக்கு இரண்டு மாநிலங்களின் வரியைச் சுமப்பவர் உரிமையாளர். திரும்பப் பெறும் தொகையைவிட அதைப் பெறுவதற்கான பயணச் செலவும் விடுப்பும் அதிகம் என்று கணக்குப் போட்டு அதைக் கைவிடுகிறவர்கள் உண்டு. மறுபதிவே செய்யாமல் பழைய எண்ணோடு ஆண்டுக்கணக்கில் ஓட்டுகிறவர்களும் உண்டு.

இவர்களைப் பிடிக்க மாநிலங்கள் முயன்றபோது நீதிமன்றங்கள் குறுக்கிட்டன. கர்நாடகம் 2014-இல் தன் வரிச் சட்டத்தைத் திருத்தி, வெளிமாநில வண்டி முப்பது நாளுக்கு மேல் தங்கினாலே ஆயுள்கால வரி என்றது. மத்தியச் சட்டம் பன்னிரண்டு மாதம் தரும்போது மாநிலம் அதை ஒரு மாதமாகச் சுருக்கலாமா என்ற வழக்கில் 2016-இல் அம்மாநில உயர் நீதிமன்றம் அத்திருத்தத்தைச் செல்லாதென்றது. 2021-இல் காஷ்மீரில் வெளிமாநில எண் கொண்ட வண்டிகளை மறுபதிவு செய்யச் சொன்ன சுற்றறிக்கையும் ஜம்மு காஷ்மீர் உயர் நீதிமன்றத்தால் ரத்தானது. வண்டி ஓராண்டுக்கு மேல் இங்கே இருந்திருக்கும் என்ற வெறும் ஊகத்தில் வரி விதிக்க முடியாது என்பது அதன் நிலைப்பாடு. வண்டி எப்போது எல்லையைக் கடந்தது என்பதை யார் நிரூபிப்பது? சட்டம் பன்னிரண்டு மாதத்தை எண்ணச் சொல்கிறது. எண்ணத் தொடங்கும் நாளைக் குறித்துவைக்க ஆளில்லை.

*

வரிக்காகப் பொறிக்கப்பட்ட எழுத்துகள் காலப்போக்கில் வேறொரு பொருளையும் ஏற்றுக்கொண்டன. பழைய அம்பாசிடர் கார்களில் எம்.எஸ்., எம்.டி. என்று தொடங்கும் சென்னை மாநில எண்களை நம்மில் பலர் பார்த்திருப்போம். 1969-இல் மாநிலம் தமிழ்நாடு ஆனபின்னும் அவை அப்படியே ஓடின. 1989-இல் இப்போதைய இரண்டெழுத்து முறை வந்தது. உத்தராஞ்சல் உத்தராகண்ட் ஆனது. ஒரிசா ஒடிசா ஆனது. தகட்டின் எழுத்துகளும் மாறின. 2014-இல் தெலங்கானா பிறந்தபோது, ஐதராபாத்தில் வாங்கி ஐதராபாத்திலேயே ஓடிய வண்டிகள் ஒரே இரவில் ஆந்திர எண் கொண்ட 'வெளிமாநில' வண்டிகளாயின. வண்டி ஓரடி நகரவில்லை; மாநிலம்தான் நகர்ந்தது. டி.எஸ். என்று தொடங்கிய புதிய மாநிலத்தின் குறியீடும் 2024-இல் டி.ஜி. என்று மாறியது.

இந்த எழுத்துகள் உயிருக்கே உலையான நாள்களும் உண்டு. காவிரிக் கலவரங்களின்போது, 1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பரிலும், பெங்களூரில் தமிழ்நாட்டு எண் கொண்ட பேருந்துகளும் லாரிகளும் கொளுத்தப்பட்டன. 2016-இல் தமிழ்நாட்டிலும் கர்நாடக எண் கொண்ட வண்டிகள் தாக்கப்பட்டன. கல்லை எடுத்தவர்கள் ஓட்டுநரின் தாய்மொழியை விசாரிக்கவில்லை. அவர்களுக்குத் தகட்டின் முதல் இரண்டு எழுத்துகள் போதுமாக இருந்தன. பெங்களூரில் பிறந்த கன்னடர், ஓசூரில் வாங்கிய வண்டியில் போயிருந்தாலும் அன்று அவர் தமிழ்நாட்டுக்காரர்தான். வருவாய்த் துறையின் குறிப்பு இனத்தின் முத்திரையாகப் படிக்கப்பட்டது.

*

மாநிலங்களின் தரப்பை இங்கே சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 2017 ஜூலையில் சரக்கு சேவை வரி வந்தபின், தாமே விகிதம் தீர்மானிக்கும் வரிகளில் பலவற்றை மாநிலங்கள் இழந்தன. மது, பெட்ரோல், பத்திரப் பதிவு ஆகியவற்றோடு கையில் எஞ்சியவற்றுள் வாகன வரியும் ஒன்று. அதன் விகிதம் மாநிலத்துக்கு மாநிலம் பெரிதும் வேறுபடுவதால் ஏய்ப்புக்கும் வழி பிறக்கிறது. புதுச்சேரியில் வரி குறைவு என்பதால், அங்கே வசிக்காதவர்கள் அங்கே முகவரி காட்டி விலையுயர்ந்த கார்களைப் பதிந்து கேரளத்தில் ஓட்டுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு 2017-இல் எழுந்தது. திரைத்துறையினர் சிலரின் பெயர்களும் அடிபட்டதால் அது பெரிய செய்தியாயிற்று; காவல் துறை விசாரணையும் நடந்தது. அந்தக் கார்கள் தேய்த்தது கேரளத்துச் சாலையை. வரி போனது வேறிடத்துக்கு. கேரளம் கோபப்பட்டதில் தவறில்லை.

இராணுவத்தின் வண்டிகள் மட்டும் இந்தச் சிக்கலுக்கு அப்பாற்பட்டவை. மேல்நோக்கிய அம்புக்குறியோடு தொடங்கும் அவற்றின் எண்ணில் மாநிலத்தின் பெயரே கிடையாது. ஜீப்பை ஓட்டிய வீரர், பணி முடிந்து தன் சொந்த மோட்டார் சைக்கிளில் ஏறியதும் மாநிலம் வந்து உட்கார்ந்துகொள்ளும். 2021 செப்டம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்த 'பாரத்' வரிசை எண், ஏறக்குறைய அந்த அம்புக்குறியின் சலுகையைக் குடிமக்களுக்கும் நீட்டும் முயற்சி. மாநில எழுத்துகளுக்குப் பதிலாக பி.எச். என்ற எழுத்துகள் வரும். ஊர் மாறினால் எண் மாறாது. வரியை ஆயுள்காலத்துக்கு மொத்தமாகக் கட்டாமல் இரண்டு ஆண்டுகளுக்கு, அல்லது அதன் மடங்குகளில் கட்டலாம். உற்று நோக்கினால் இது புதுமையல்ல. ஆயுள்கால வரிக்கு முன்பிருந்த தவணை வரிக்கே திரும்பிப் போயிருக்கிறோம். நோய் எங்கே இருந்தது என்பதை மருந்தே சொல்லிவிடுகிறது.

ஆனால் இந்த எண்ணைப் பெறத் தகுதியுள்ளவர்கள் யார்? பாதுகாப்புப் படையினர், மத்திய மாநில அரசு ஊழியர்கள், பொதுத்துறை ஊழியர்கள், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவனங்களின் ஊழியர்கள். அதாவது, இடமாற்ற ஆணை என்ற காகிதத்தோடு ஊர் மாறுகிறவர்கள். திருவண்ணாமலையிலிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகும் கொத்தனாருக்கு அப்படி ஒரு காகிதம் இல்லை. மூன்றாம் கையாக வாங்கிய மோட்டார் சைக்கிளில், சில சமயம் முந்தைய உரிமையாளர் பெயரிலேயே இருக்கும் ஆர்.சி. புத்தகத்தோடு, அவர் எல்லையைக் கடக்கிறார். நாட்டில் அதிகம் இடம்பெயர்பவர் அவரே. சாலையில் வெளிமாநில எண்ணுக்காக அதிகம் நிறுத்தப்படுபவரும் அவராகவே இருப்பார். புதிய வரிசை அவரைப் பழைய வரிசையிலேயே விட்டுவிட்டது.

கூட்டாட்சி நாடான ஜெர்மனி இதே முடிச்சை அவிழ்த்த விதத்தை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கேயும் வாகன வரி மாநிலங்களுக்கு உரியதாக இருந்தது. தகட்டின் முதல் எழுத்துகள் வண்டியின் மாவட்டத்தைச் சொல்லும். மாவட்டம் மாறினால் எண்ணை மாற்ற வேண்டும் என்பதே பொதுவிதி. 2009 ஜூலையில் வாகன வரி மத்திய அரசின் வசமாயிற்று. மாநிலங்களின் இழப்புக்கு ஈடாக ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒன்பது நூறு கோடி யூரோ தர ஒப்பந்தமாயிற்று. 2015 ஜனவரி முதல், நாட்டில் எங்கே குடிபோனாலும் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம் என்றானது. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் வரி யாருக்கு என்ற கேள்வி முதலில் தீர்ந்தது, எண் யாருக்கு என்பது பிறகு தீர்ந்தது என்ற வரிசையை நாம் கவனிக்கலாம். 1931-இல் சென்னை மாகாணம் சாவடிகளை நீக்கியபோது உள்ளாட்சி மன்றங்களுக்கு இழப்பீடு கொடுத்ததும் இதே வகையான ஏற்பாடுதான்.

நம் நாட்டில் மாநிலங்களிடம் எஞ்சியிருக்கும் வரிகளில் ஒன்றை மேலும் பறிப்பதற்கு இது ஒரு சாக்காகிவிடக் கூடாது என்ற அச்சம் நியாயமானது. வரியைப் பறிக்கத் தேவையும் இல்லை. வாகனப் பதிவுகள் இன்று 'வாகன்' என்ற பொதுத் தரவுதளத்தில் சேர்க்கப்பட்டிருக்கின்றன. வண்டி இடம் மாறியதும் எஞ்சிய ஆண்டுகளின் வரியைப் பழைய மாநிலம் புதிய மாநிலத்துக்கு நேரே அனுப்பினால், குடிமகன் நடுவில் நின்று ஒன்றிடம் கட்டி மற்றொன்றிடம் கெஞ்ச வேண்டியிராது. இரண்டு அரசுகளுக்கு இடையிலான கணக்கை அவர்களே தீர்த்துக்கொள்வதுதான் முறை. கிஷன்கர் சமஸ்தானமும் அஜ்மீரும் கணினி இல்லாத காலத்திலேயே தங்களுக்குள் பேசி முடித்துக்கொண்டன. அந்த அளவு ஏற்பாடு கொத்தனாரின் மோட்டார் சைக்கிளுக்கும் கிடைக்க வேண்டும்.